நெகட்டிவுக்கும் கணினிக்கும் நடுவே

நிகான் நிறுவனம் 2004இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சூப்பர் கூல்ஸ்கேன் 9000 என்ற பிலிம் ஸ்கேனரை அண்மைக்கால மேக் கணினி ஒன்றோடு இணைக்க வேண்டுமானால் வழி இது. ஸ்கேனரின் முதுகில் ஃபயர்வயர் 400 வகை ஆறு பின் போர்ட் இருக்கும். அதிலிருந்து ஒரு கேபிள். அதன் மறுமுனை ஒன்பது பின், ஃபயர்வயர் 800. அந்த முனை ஆப்பிளின் தண்டர்போல்ட் அடாப்டர் ஒன்றுக்குள் போகும். அந்த அடாப்டரின் வால் பழைய தண்டர்போல்ட் வடிவம். இன்றைய கணினியில் அது கிடையாது. ஆகவே தண்டர்போல்ட் 2ஐ 3ஆக மாற்ற இன்னொரு அடாப்டர். அதன் முனைதான் கடைசியில் யூஎஸ்பி-சி வாய்க்குள் நுழையும். இத்தனையும் மாட்டி ஸ்கேனருக்கு மின்சாரம் கொடுத்தால், ஆச்சரியம், வேலை செய்யும். பல வருடங்கள் செய்துகொண்டுதான் இருந்தது. 2025இல் வந்த மேக் ஓஎஸ் டஹோ ஃபயர்வயரைக் கைவிட்டது. கேபிள்கள் ஒழுங்காக மாட்டியிருக்கும், ஒரு பின்கூட வளைந்திருக்காது. ஸ்கேனர் கூப்பிடும். கேட்க அந்தப் பக்கம் ஆள் இல்லை.

இந்தச் சங்கிலியின் தொடக்கத்தில் இருப்பது நெகட்டிவ். அதற்கு வயதாகிவிட்டது என்று எந்தக் கருவியும் அதைத் திருப்பி அனுப்புவதில்லை. 120 ரோலைக் கோடக் கொண்டுவந்தது 1901இல். இன்று ஒரு ரோல் வாங்கினாலும் அதே அகலம்தான்; 1930களில் செய்த பெட்டிக் கேமராவில் போட்டுச் சுற்றலாம். 35 எம்எம் அதைவிட மூத்தது. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் 1890களில் சினிமாவுக்காக நறுக்கிய அளவு. லைகா 1925இல் அதைக் கைக்கேமராக்களில் பரப்பியது. ஃபயர்வயர் தரமாக அறிவிக்கப்பட்டது 1995இல். முப்பது வருடத்தில் மேக்கில் அதன் கதை முடிந்தது. ஸ்கேனரின் லென்ஸ் தெளிவாக இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. கணினியும் நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டுப்போனது இரண்டுக்கும் நடுவில் இருந்த உடன்பாடு மட்டும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 2001இல் நிகான் ஒரே வரிசையில் மூன்று ஸ்கேனர்களை விட்டது. மலிவானது கூல்ஸ்கேன் நான்கு, 2900 டிபிஐ. அதற்கு மேலே சூப்பர் கூல்ஸ்கேன் 4000. உச்சியில் 120 ரோலையும் எடுக்கும் 8000. மலிவு மாடலுக்கு அன்று எல்லாக் கணினியிலும் இருந்த யூஎஸ்பி 1.1ஐக் கொடுத்தார்கள். உயர்ந்தவை இரண்டுக்கும் ஃபயர்வயர். இதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. 35 எம்எம் பிரேம் ஒன்றை 4000 டிபிஐயில் எடுத்தால் இரண்டு கோடிக்கு மேல் புள்ளிகள். நிறத்துக்கு 16 பிட் வீதம் சேமித்தால் ஒரே படம் 125 எம்பியைத் தாண்டும். யூஎஸ்பி 1.1இன் வேகம் விநாடிக்கு 12 மெகாபிட். ஏட்டுக் கணக்கின்படியே அந்தப் படம் கேபிளைக் கடக்கக் கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம் ஆகும். ஃபயர்வயரோ 400 மெகாபிட். யோசித்துச் செலவு செய்யும் எந்தத் தொழில்காரரும் ஃபயர்வயர் மாடலைத்தான் வாங்கியிருப்பார், வாங்கினார். இன்று அந்த மலிவு மாடலின் யூஎஸ்பி கேபிளுக்குச் சின்ன அடாப்டர் ஒன்று போட்டால் எந்த லேப்டாப்பிலும் மாட்டலாம். பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய 8000, அடாப்டர்கள் தேடிச் சென்னை ரிச்சி தெருவில் நிற்கிறது. அன்றைக்குச் சரியான முடிவு எடுத்தவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். தொழில்நுட்பத்தில் தொலைநோக்கோடு வாங்கச் சொல்லும் பத்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இவ்வளவு மெனக்கெட அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? கூல்ஸ்கேன்களில் குழல்விளக்கு கிடையாது, எல்இடிகள். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றாக எரிய, நெகட்டிவ் நூலிழை நூலிழையாக நகர்ந்து போகும். நான்காவதாக ஓர் எல்இடி, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட். கலர் பிலிமின் சாயங்கள் அந்த ஒளியை மறிப்பதில்லை. அதற்கு அவை வெறும் கண்ணாடி மாதிரி. தூசியும் கீறலும் பூஞ்சையும் மறிக்கும். ஆகவே நான்காவது ஓட்டத்தில் கிடைப்பது படமே இல்லாத படம்: அழுக்கின் வரைபடம். அதை வைத்துக்கொண்டு மற்ற மூன்றிலும் எந்த இடம் அழுக்கு, எந்த இடம் ஆளின் மச்சம் என்று பிரித்து, அழுக்கை மட்டும் நிரப்பிவிடலாம். டெக்சஸைச் சேர்ந்த அப்ளைட் சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்ற சிறு நிறுவனத்தின் வேலை இது. டிஜிட்டல் ஐஸ் என்ற பெயரில் நிகான், மினோல்டா ஸ்கேனர்களில் வந்தது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் இது செல்லாது. அதில் படமாக நிற்பதே வெள்ளித் துகள். வெள்ளி இன்ஃப்ராரெட்டை மறித்துவிடும், கருவி தாத்தாவின் கறுப்புக் கோட்டையே அழுக்கு என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் நம் வெயிலிலும் ஈரத்திலும் இரும்புப் பீரோவுக்குள் கிடந்த எண்பதுகளின் கல்யாண நெகட்டிவ்களுக்கு இதற்கு நிகரான மருந்து இன்னும் வரவில்லை. கூல்ஸ்கேன்களைத் தயாரிப்பதை 2010 வாக்கில் நிகான் நிறுத்திக்கொண்ட பிறகு, புதிதாக விற்றதைவிட அதிக விலைக்குப் பழையவை கைமாறியதற்குக் காரணம் வெறும் ஏக்கம் இல்லை.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவின் நெகட்டிவ்களைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பட்டர் பேப்பர் உறைகளில், மேலே நீல மையில் நம்பரும் தேதியும் எழுதி, செருப்புக்கடை அட்டைப்பெட்டிகளில் அடுக்கியிருந்தார்கள். பழையவற்றில் சில ஊட்டியில் செய்த இந்து பிலிம். அதைச் செய்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்தியைத் துவக்கிய அரசு ஆலை. இறக்குமதிப் பிலிமுக்கு விலை கட்டுப்படியாகாத சின்ன ஊர் ஸ்டுடியோக்கள் பல அதை நம்பி ஓடின. ஆலை இன்று மூடிக்கிடக்கிறது, அது பூசி அனுப்பிய வெள்ளி இந்த உறைகளுக்குள் அப்படியே இருக்கிறது. நான் நெகட்டிவ்களைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது கடைக்கார அண்ணாச்சி, மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த பிலிம் ஸ்கேனரைக் காட்டினார். மகன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து அது சும்மா கிடக்கிறதாம்.

“பிலிம் நல்லாருக்கு, மெசின் நல்லாருக்கு, கம்ப்யூட்டர் நேத்து வாங்குனது. மூணும் நல்லாருந்தா வேல ஏன் நடக்க மாட்டேங்கு, தம்பி?”

“டிரைவர் இல்ல அண்ணாச்சி.”

“டிரைவர் இல்லாட்டி வண்டிய நான் ஓட்டுதேன், பேசாம இரும்” என்றார். சிரித்தோம். பிறகு அவர் சொன்னதைத்தான் உலகம் முழுக்கச் சிலர் உண்மையிலேயே செய்திருக்கிறார்கள் என்பதை அவருக்கு விளக்க முயன்றேன். அது கொஞ்சம் நீளமான கதை.

ஃபயர்வயருக்கு முன்னால் ஸ்கஸி. தொண்ணூறுகளின் பிலிம் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை அதில்தான் ஓடின. ஐம்பது பின் கொண்ட கனத்த கேபிள். சங்கிலியில் ஒவ்வொரு கருவிக்கும் 0 முதல் 7 வரை ஓர் எண். ஒரே எண் இரண்டுக்கு இருந்தால் இரண்டும் ஊமை. சங்கிலியின் கடைசியில் டெர்மினேட்டர் என்ற மூடி வேண்டும், இல்லாவிட்டால் சிக்னல் சுவரில் பட்ட பந்தாகத் திரும்பி வந்து குழப்பும். ஸ்கேனரை முதலில் போட்டுவிட்டுப் பிறகுதான் கணினியைப் போட வேண்டும். வரிசை மாறினால் கணினி அதைப் பார்க்காது. அச்சகப் பிரீபிரஸ் அறைகளில் இதையெல்லாம் ஒரு சடங்குபோலச் செய்த ஆட்கள் இருந்தார்கள். 1998இல் வந்த ஐமேக், ஸ்கஸியைத் தூக்கிப் போட்டுவிட்டு யூஎஸ்பியோடு வந்தது. விண்டோஸ் கணினியில் அடாப்டெக் ஸ்கஸி கார்டு செருகி இன்னும் சில காலம் ஓட்டினார்கள். அந்தக் கார்டு உட்காரும் பழைய பிசிஐ இருக்கை இன்றைய மதர்போர்டுகளில் அநேகமாக இல்லை. யூஎஸ்பியை ஸ்கஸியாக்கும் அடாப்டர்கள் கொஞ்சநாள் வந்தன; அவற்றுக்கே டிரைவர் தேவைப்பட்டதால் அவையும் ஸ்கேனர்களோடு சேர்ந்து அனாதையாகின.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. கூல்ஸ்கேன்களில் ஸ்கஸி போய் ஃபயர்வயர் வந்தது, யூஎஸ்பி வந்தது என்கிறோம். ஆனால் கம்பிக்குள் போகும் கட்டளைகளைப் பார்த்தால், ‘நெகட்டிவை உள்ளே இழு’, ‘ஃபோகஸ் செய்’, ‘இந்தச் சதுரத்தைப் படி’ எல்லாம் அதே பழைய ஸ்கஸி கட்டளைகள். ஃபயர்வயரில் அவற்றை எஸ்பிபி-2 என்ற உறைக்குள் போட்டு அனுப்பினார்கள். யூஎஸ்பியில் வேறொரு உறை. மூன்று தலைமுறைக் கேபிள்களுக்குள்ளும் ஓடியது ஒரே பேச்சு. லினக்ஸ் உலகின் சேன் என்ற ஸ்கேனர் திட்டத்தில் கூல்ஸ்கேனுக்காக எழுதப்பட்ட நிரல் ஒன்று ஸ்கஸி மாடலையும் ஃபயர்வயர் மாடலையும் யூஎஸ்பி மாடலையும் சேர்த்தே ஆள்கிறது என்றால் அதற்கு இதுதான் காரணம். கருவிகள் பேச்சை மறக்கவில்லை. வாசல்களைத்தான் ஒவ்வொன்றாக அடைத்தார்கள்.

டிரைவரை நான் துபாஷி என்றே நினைத்துக்கொள்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்ததுபோல. இரு தரப்புக்கும் மற்றவர் பேச்சு தெரியாது. நடுவில் இருப்பவருக்கு இரண்டும் தெரியும். அதனால் வியாபாரமே அவர் கையில். பிள்ளை 1736 தொடங்கி 1761இல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதி வைத்தார், நமக்கு அந்தக் காலம் கிடைத்தது. ஸ்கேனர் நிறுவனங்களின் துபாஷிகள் எழுதி வைத்தது பெரும்பாலும் பூட்டிய பெட்டிக்குள். நிறுவனம் கடையை மூடினால் பெட்டி போகும். கோனிகா மினோல்டா 2006 ஜனவரியில் கேமராத் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. 5400 டிபிஐ எடுக்கும் அதன் ஸ்கேன் எலைட், சந்தைக்கு வந்து மூன்றே வருடத்தில் பெற்றோர் இல்லாத பிள்ளையானது. ஹாசல்பிளாட்டின் ஃப்ளெக்ஸ்டைட், அருங்காட்சியகங்களும் கலைஞர்களும் கார் விலை கொடுத்து வாங்கிய கருவி. அதை ஓட்டும் ஃப்ளெக்ஸ்கலர் நிரல் 32 பிட் காலத்தோடு நின்றது. 2019இல் மேக் ஓஎஸ் கேட்டலினா 32 பிட் நிரல்களை ஏற்பதை நிறுத்தியதும், உலகம் முழுக்க ஃப்ளெக்ஸ்டைட் வைத்திருந்தவர்கள் ஒரு பழைய மேக்கைத் தேடி வாங்கி அப்டேட்டை அணைத்து வைத்தார்கள்.

நிகான் ஸ்கேன் நிரலின் கடைசிப் பதிப்பு 4.0.3. 64 பிட் விண்டோஸுக்கென்று நிகான் அதைத் தரவில்லை. ஆனால் யூஎஸ்பி மாடல்களில் நிகானின் டிரைவர் என்று நாம் நினைப்பதன் அடியில் உண்மையில் வேலை செய்வது விண்டோஸோடு கூடவே வரும் பொதுவான ஸ்கேனர் டிரைவர்தான். அது 64 பிட்டிலும் இருக்கிறது. இல்லாமல் போனது ‘இந்த நம்பருள்ள கருவி வந்தால் அதை இந்த டிரைவரிடம் அனுப்பு’ என்று சொல்லும் சின்ன ஓர் உரைக்கோப்பில் சில வரிகள். நோட்பேடில் திறந்து அந்த வரிகளை யாரோ சேர்த்தார்கள். ஸ்கேனர் எழுந்து நடந்தது. கோப்பில் கைவைத்ததால் அதன் கையொப்பம் செல்லாது. ஆகவே கணினியைத் திறக்கும்போது கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டுத்தான் அதை நிறுவ வேண்டும். ஒரு பெரிய நிறுவனத்தின் ‘ஆதரவு இல்லை’ என்ற வாசகத்துக்கும் ‘வேலை செய்கிறது’ என்பதற்கும் நடுவில் இருந்த தூரம் அவ்வளவுதான், சில வரிகள். இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சில வரிகளைச் சேர்த்தால் அவற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டும், சோதிக்க வேண்டும், தொலைபேசியில் கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும். விற்பனை நின்றுபோன கருவிக்கு எந்தக் கணக்குப்பிள்ளையும் அந்தச் செலவை ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதும் புரிகிறது.

கணக்குப்பிள்ளைகள் விட்டதைத் தனியாட்கள் எடுத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி சொன்ன ‘நான் ஓட்டுதேன்’ இதுதான். அமெரிக்கரான எட் ஹாம்ரிக் 1998இல் வெளியிடத் தொடங்கிய வ்யூஸ்கேன், குடும்ப நிறுவனம் ஒன்றின் மென்பொருள். இன்று ஆயிரக்கணக்கான ஸ்கேனர் மாடல்களை அது ஓட்டுகிறது, செய்த நிறுவனமே மறந்துவிட்ட மாடல்கள் உட்பட. கேபிளில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று ஒட்டுக்கேட்டு, கருவியின் பேச்சைத் திரும்பக் கட்டியெழுப்பும் வேலை பெரும்பாலும். அதன் முகப்பைப் பார்த்தால் அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சேன் திட்டத்தில் உழைப்பவர்கள் இதே வேலையைக் காசு வாங்காமல் செய்கிறார்கள். லினக்ஸில் ஃபயர்வயரைப் பராமரிப்பவர் 2029 வரை அதைக் கவனித்துக்கொள்வதாக அறிவித்திருக்கிறார். பெரிய நிறுவனம் எதுவும் இப்படித் தேதி போட்டுச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. தேதி தெரிந்தால் வேலையைத் திட்டமிடலாம். பெட்டியில் எத்தனை உறை இருக்கிறது, எவ்வளவு காலம் இருக்கிறது என்று கணக்குப் போடலாம்.

பிலிம் ஸ்கேனருக்கும் கணினிக்கும் நடுவில் உடன்பாடு அறுந்துபோன மிகப் பெரிய கதை பூமியில் தொடங்கவில்லை. 1966இலும் 1967இலும் நாசா லூனார் ஆர்பிட்டர் என்று ஐந்து விண்கலங்களை நிலவைச் சுற்ற அனுப்பியது, மனிதர் இறங்க இடம் பார்க்க. டிஜிட்டல் கேமரா இல்லாத காலம். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் கோடக் செய்த ஒரு முழு ஸ்டுடியோ இருந்தது: 70 எம்எம் பிலிம், அதைக் கழுவும் ஏற்பாடு, கழுவிய நெகட்டிவை ஒரு சின்ன ஒளிப்புள்ளி வரிவரியாகத் தடவிப் படிக்கும் ஸ்கேனர். படித்தது ரேடியோவில் பூமிக்கு வந்தது. கலங்கள் எல்லாம் கடைசியில் நிலவிலேயே மோதின; நெகட்டிவ் திரும்பி வரவே இல்லை. மிஞ்சியவை ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற இயந்திரத்தில் பதிந்த இரண்டு அங்குல அகல டேப்புகள். அந்த இயந்திரங்கள் அருகிப்போன பிறகு, டேப்புகளைக் காத்துவந்த நான்சி எவன்ஸ் சில இயந்திரங்களைத் தேடி வாங்கித் தன் வீட்டுக் கொட்டகையில் வருடக்கணக்காக வைத்திருந்தார். 2007இல் டென்னிஸ் விங்கோவும் கீத் கவிங்கும் அவற்றை எடுத்துப்போய், நாசா ஏம்ஸ் வளாகத்தில் மூடிக்கிடந்த மெக்டொனால்ட்ஸ் கடை ஒன்றில் வைத்துப் பழுது பார்த்தார்கள். சிக்னலைப் படமாக்கும் பகுதியைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. 2008 நவம்பரில் முதல் படம் வெளிவந்தது: 1966 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் விளிம்பில் தெரிந்த பூமி, 1966இல் உலகம் பார்த்ததைவிடப் பல மடங்கு தெளிவாக. டேப்பில் அவ்வளவு விவரமும் நாற்பது வருடமாக இருந்துகொண்டுதான் இருந்தது. ஒரு பெண்மணி கொட்டகையில் இடம் கொடுத்தார் என்பதால் அது படமானது.

நிலவுப் படத்துக்கு நாசா இருக்கிறது, செய்தி இருக்கிறது. ஸ்டுடியோ நெகட்டிவுக்கு? கொஞ்சம் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்து ஸோயி ஹெட்லி முன்னின்று, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான நிதியில், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிப்போய் டிஜிட்டலாக்கினார்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொண்ணூறுகளில் தமிழ் நூல்களை மைக்ரோபிலிமில் பதிந்தது. அதைப் பழைய பாணி என்று பேசியவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது அந்தக் காலத்தின் மிகப் புத்திசாலித்தனமான முடிவாகப் படுகிறது. மைக்ரோபிலிமைப் படிக்க ஒரு விளக்கும் ஒரு லென்ஸும் போதும். எந்தப் போர்ட்டும் வேண்டாம். எந்த வருடத்து ஸ்கேனரும் அதைத் திரும்பப் படிக்கும். அதே காலத்தில் ‘எதிர்காலத்துக்கு’ என்று ஜிப் டிஸ்கில் போட்டு வைத்தவர்களிடம் போய்க் கேட்டுப் பாருங்கள்.

அதனால்தான் ‘ஸ்கேன் பண்ணியாச்சு, இனி இது எதுக்கு’ என்று நெகட்டிவைத் தூக்கிப் போடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. எக்ஸ்ரே பிலிமை வெள்ளிக்காக எடைக்கு வாங்குகிறவர்கள் உண்டு. கறுப்பு வெள்ளை நெகட்டிவும் அந்தத் தராசில் ஏறும். நெகட்டிவும் நித்தியம் இல்லைதான். அசிட்டேட் பிலிம் ஈரத்தில் சிதையும்போது புளித்த காடி வாடை அடிக்கும், சுருங்கும், சுருளும். அந்த வாடை வந்துவிட்டால் மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைக்க வேண்டும், ஏனென்றால் அது பரவும். நம் கடற்கரை ஊர்களில் இது வேகமாகவே நடக்கும். கலர் நெகட்டிவில் சாயம் போகும். ஆனால் பிலிம் மெல்ல மெல்லக் கெடும், நமக்குச் சொல்லிவிட்டுக் கெடும். கணினி உடன்பாடுகள் ஓர் அப்டேட் இரவில் முடிந்துவிடும்.

இந்த இடத்தில் பலரும் கேமராவுக்குத் தாவுகிறார்கள். நல்ல டிஜிட்டல் கேமரா, மேக்ரோ லென்ஸ், கீழே சீரான வெள்ளை எல்இடி பலகை, நெகட்டிவை வளையாமல் பிடிக்க ஒரு சட்டம். ஒரு ரோலைச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். கறுப்பு வெள்ளைக்கு நான் இதையே சொல்வேன், அண்ணாச்சியிடமும் சொன்னேன். ஸ்டுடியோக்காரருக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை, பழைய படத்தைக் காப்பி எடுத்துத் தருவது அவர் தினமும் செய்த தொழில்தான். எந்தக் கேமரா செத்தாலும் அடுத்த கேமரா அதே வேலையைச் செய்யும். நடுவில் யாருடைய சம்மதமும் தேவையில்லை. குறை கலரில். சாதாரணக் கேமராவின் சென்சார் முன்னால் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும் வடிகட்டி இருக்கிறது, ஆகவே அழுக்கின் வரைபடம் கிடைக்காது. பூஞ்சை பிடித்த ஒரு பிரேமைக் கையால் டச்சிங் செய்து முடிக்க ஒரு சாயங்காலம் போகும். ஒரு கல்யாணத்தில் எத்தனை பிரேம்!

ஆக, கலருக்குப் பழைய ஸ்கேனர்தான் என்றால், அதைப் புதுக் கணினியோடு மல்லுக்கட்ட வைக்காமல் இருப்பதே மேல் என்பது என் கட்சி. ஸ்கேனர் என்பது தனிப் பெட்டி இல்லை, அது பிறந்த காலத்துக் கணினியும் சேர்ந்ததுதான் கருவி. 2005, 2006 வாக்கில் வந்த, ஃபயர்வயர் போர்ட் உள்ள டெஸ்க்டாப் ஒன்று பழைய கணினிக் கடைகளில் இன்னும் அகப்படும். விண்டோஸ் எக்ஸ்பி, நிகான் ஸ்கேன் 4.0.3 என்று அந்தக் காலத்தில் நிறுத்திவிட வேண்டியது. எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன, அதனால் இணையத்தில் இணைக்கவே கூடாது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுவது நல்லது, வீட்டில் யாராவது உதவி செய்கிறேன் என்று மாட்டிவிடுவார்கள். ஹார்ட் டிஸ்க் சாகும் என்று எண்ணியே அதை முதல் நாளே முழுதாகப் படியெடுத்து வைக்க வேண்டும். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரியை மாற்றாவிட்டால் ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போய், 1984இன் கல்யாணமும் 1991இன் வளைகாப்பும் ஒரே நாளில் ஸ்கேன் ஆனதாகக் கோப்புகள் சாதிக்கும்.

ஸ்கேனரின் உள்ளே லென்ஸுக்குச் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கிறது; வருடங்களாகத் தூசி படிந்து அது மங்கியிருந்தால், ஸ்லைடுகளில் வெளிச்சமான இடங்களைச் சுற்றிப் புகை படர்ந்தாற்போல் வரும். அதைத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். கண்ணாடியின் பூச்சு முன்பக்கத்திலேயே இருப்பதால் சட்டைத் துணியால் தேய்த்தால் போய்விடும். படங்களைப் புதுக் கணினிக்குக் கொண்டுபோகப் பென் டிரைவ் போதும். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து கொடுத்தால் எக்ஸ்பிக்கும் புரியும், இன்றைய மேக்குக்கும் புரியும்; 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக இருக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை, ஒரு பிரேம் அந்த அளவுக்கு எப்போதும் வராது. அண்ணாச்சிக்கு இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். பழைய டெஸ்க்டாப் ஒன்று தன் மச்சினன் கடையில் கிடக்கிறது என்றார். ஃபயர்வயர் ஓட்டை எப்படி இருக்கும் என்று கேட்டு, நோட்டின் அட்டையிலேயே படம் வரைந்து வாங்கிக்கொண்டார்.